சத்தம் கேட்கும் வீடும் கேட்காத வீடும்

நுவரெலியா மாவட்டத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதிய கடிதம் இது. ஊர், பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும், ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிய காம்பராக்கள், அதாவது அறைகள்.

"எனக்கு 33 வயது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பார். கல்வியியல் கல்லூரி முடித்து ஆசிரியை ஆனேன். கணவர் வங்கியில் வேலை செய்கிறார். டவுனில் கடை வைத்திருக்கும் குடும்பம். விரும்பித்தான் கட்டினோம். ஏழு வயதில் மகள் இருக்கிறாள். போன மாதம் ஒரு ராத்திரி என் தம்பி மனைவி முகம் வீங்கி, கைப்பிள்ளையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். த்ரீவீல் லீசிங் கட்ட முடியாமல் போனதிலிருந்து தம்பி குடிக்கிறான், அடிக்கிறான். அவளைப் படுக்க வைத்துவிட்டு வந்தால் என் கணவர், 'லயத்தில் இதெல்லாம் சகஜந்தானே. லயத்துப் புத்தி எங்கே போகும்? உங்கள் ரத்தத்திலேயே இருக்கு' என்றார். மறுநாள் மாமியார், பிள்ளை இதையெல்லாம் பார்க்க வேண்டாம், அனுப்பிவிடு என்றார். இரண்டாம் நாளே அவள் திரும்பிப் போய்விட்டாள். கணவர் என்னை ஒருநாளும் அடித்ததில்லை. கோபம் வந்தால் வாரக்கணக்கில் பேசமாட்டார். என் சம்பளக் கார்ட் அவரிடம்தான் இருக்கிறது. அவர் சொன்னது உண்மைதானோ என்று எனக்கே தோன்றுகிறது. வசதி குறைந்த வீட்டில்தான் குடும்பப் பிரச்சினை அதிகமா? இன்னொன்று, மகளின் பிறந்தநாளுக்கு நான் அம்மாவைக் கூப்பிடவில்லை. அம்மாவும் ஏன் என்று கேட்கவில்லை. அதுதான் மனசை அறுக்கிறது."

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன் தம்பி மனைவியின் விஷயம். அது காத்திருக்காது.

அவளைத் தனியாகப் பார்த்து மூன்று விஷயம் கேளுங்கள். அவன் கழுத்தைப் பிடித்து நெரித்திருக்கிறானா? கொன்றுவிடுவேன் என்று சொல்லியிருக்கிறானா? அடி வரவர அதிகமாகிறதா? இதில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் அவளும் பிள்ளையும் அந்தக் காம்பராவில் ஓர் இரவுகூடத் தங்கக் கூடாது. கழுத்தைப் பிடித்தவன் அடுத்த தடவை அதற்கு மேலும் போகக்கூடியவன் என்பது குடும்ப ஆலோசனை செய்யும் எங்கள் தொழிலில் எல்லோரும் பயந்து கவனிக்கும் அறிகுறி. அவசரம் என்றால் 119. ஆலோசனைக்கும் முறைப்பாட்டுக்கும் 1938, அது பெண்களுக்கான இலக்கம், தமிழிலும் பேசலாம். அரச வைத்தியசாலைகள் பலவற்றில் 'மிதுரு பியச' என்ற பிரிவு இருக்கிறது, தமிழில் நட்பு நிலையம். வீட்டில் அடிபட்டு வருகிற பெண்களுக்காகவே அதை வைத்திருக்கிறார்கள். காயம் தெரிகிறபோதே அங்கே போய்ப் பதிந்து வைப்பது பின்னால் வழக்குக்கும் உதவும்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் குடும்ப வன்முறையைத் தடுப்பதற்கென்றே வந்தது. நீதவான் நீதிமன்றத்தில் அவளே விண்ணப்பிக்கலாம், அவளுக்காகப் பொலிஸும் விண்ணப்பிக்கலாம். முதலில் 14 நாள் வரைக்கும் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை, விசாரித்த பிறகு 12 மாதம் வரைக்கும் கட்டளை. அவள் இருக்கும் இடத்துக்கு அவன் வரக் கூடாது என்றும் நீதிமன்றம் சொல்லலாம். இதற்காக விவாகரத்துச் செய்ய வேண்டியதில்லை. இதைச் சொல்லாவிட்டால் பாதிப் பெண்கள் பயந்து பின்வாங்கிவிடுகிறார்கள்.

தோட்டத்தில் நடப்பது உங்களுக்குத் தெரியும். தொழிற்சங்கத் தலைவர் வருவார், கோயிலடியில் கூப்பிட்டுப் பேசுவார், "இனி அடிக்க மாட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வைப்பார், அவளைத் திருப்பி அனுப்புவார். தலைவர்களில் நல்ல மனிதர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவளுக்கு இருக்க ஒரு பாதுகாப்பான இடமும், அவன் குடியை விடுவதற்கு ஒரு வழியும் இல்லாமல் செய்கிற சமாதானம் அடுத்த சம்பள நாள் வரைக்குந்தான் தாங்கும். அவளுடைய அடையாள அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, கொஞ்சம் காசு, இதெல்லாம் உங்களிடம் இருக்கட்டும்.

சரி, இப்போது உங்கள் கேள்வி.

உங்கள் கணவர் வங்கிக்காரர், கணக்குத் தெரிந்தவர். அவருக்கு ஒரு கணக்குச் சொல்லுங்கள். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் பெண்களின் நலன் பற்றி நாடு முழுவதும் ஆய்வு செய்தது. கணவனாலோ துணைவனாலோ உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ துன்பப்பட்டவர்கள் நூற்றுக்கு 20.4 பேர். அதாவது, குடும்பம் நடத்திய பெண்களில் ஐந்துக்கு ஒருவர். தோட்டப்புறத்தில் இருப்பவர்களோ இந்த நாட்டின் சனத்தொகையில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. எங்கள் லயங்களில் உள்ள ஒவ்வொரு பெண்ணும் அடிபட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த ஐந்தில் ஒரு பங்கு நிரம்பாது. மிச்சப் பெண்கள் எந்த வீடுகளில் இருக்கிறார்கள்? கேட் போட்ட வீடுகளிலும், கடைக்கு மேல்மாடியிலும், குவாட்டர்ஸிலும், கொழும்பில் தொடர்மாடியிலும் இருக்கிறார்கள்.

இந்த மலையில் 20 வருடத்துக்கு மேல் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். டவுனிலிருந்து வருபவர்கள் முதலில் கேட்பது, "பின் பக்கத்தால் வர வழி இருக்கா மேடம்?" என்பதுதான். கைவிரல் முறிந்த ஒரு பெண் கதவில் நசுங்கியது என்று வைத்தியருக்குச் சொல்லிவிட்டு, மூன்று வாரம் தாய் வீட்டில் இருந்தார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் விடுமுறைக்குப் போனதாகவே நினைத்தார்கள். லயத்தில் இந்தப் பொய்க்கு இடமில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, ஒரே கூரை, இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும் சுவர். ராத்திரி அடித்தால் காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களத்தில் தெரியும், பத்து மணிக்குள் மலை முழுக்கத் தெரியும். சத்தம் கேட்கிற வீடுகளை மட்டும் எண்ணிவிட்டு, சண்டை அங்கே மட்டுந்தான் இருக்கிறது என்று சொல்கிறார் உங்கள் கணவர்.

அதற்காக வறுமைக்கும் வீட்டுச் சண்டைக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சம்பந்தம் நிறைய இருக்கிறது. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டில் நூற்றுக்கு 14.3 பேர் வறுமையில் இருந்தபோது, தோட்டப்புறத்தில் 33.8 பேர் இருந்தார்கள். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனதே 2021இல்தான். 2024இல் அது 1350 ஆனது. மாதத்தில் எத்தனை நாள் பேர் விழுகிறது (முழு நாள் சம்பளம் பதிகிறது), எத்தனை நாள் அரைப் பேர், சேமலாப நிதி, சந்தா, தீபாவளி முற்பணம், கோயில் காசு போக எவ்வளவு கையில் வருகிறது என்பதை உங்கள் கணவர் ஒரே ஒரு மாதம் உங்கள் அம்மாவின் சம்பளத் துண்டில் பார்க்கட்டும்.

அமெரிக்காவில் அயோவா என்று ஒரு விவசாய மாநிலம். 1980களில் அங்கே காணி விலை விழுந்து, வட்டி ஏறி, சொந்தக் காணியோடு கௌரவமாக வாழ்ந்த குடும்பங்கள் கடனில் மூழ்கின. ராண்ட் காங்கர் என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் 1989 தொடங்கி அங்கே 451 குடும்பங்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். காசு குறைந்ததும் சண்டை வந்துவிடவில்லை. கட்ட வேண்டிய பில்லைக் கட்ட முடியாத நெருக்கடி முதலில் மனசைச் சோர வைத்தது, பிறகு எரிச்சலாக்கியது. அந்த எரிச்சல் கணவன் மனைவிக்கு நடுவே சண்டையானது, அங்கிருந்து பிள்ளைகள் மேல் இறங்கியது. அவர்கள் யாரும் லயத்தில் பிறக்கவில்லை. கங்காணிக்குப் பயந்ததில்லை. நம்முடைய ரத்தம் ஒரு சொட்டும் அவர்களில் இல்லை. ஆனாலும் உங்கள் தம்பி வீட்டில் நடந்த அதே வரிசைதான்: த்ரீவீல் போனது, லீசிங்காரன் வந்தான், தூக்கம் போனது, குடி வந்தது.

'லயத்துப் புத்தி' என்ற சொல்லுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் கரும்பு விவசாயிகளிடம் செய்த ஓர் ஆய்வு 2013இல் வெளிவந்தது. அறுவடைக்கு முன்பு, கையில் காசில்லாத காலத்தில், புத்தியைச் சோதிக்கும் பரீட்சை வைத்தார்கள். அறுவடை முடிந்து காசு வந்த பிறகும் வைத்தார்கள். காசு வந்த பிறகு அதே மனிதர்கள் நன்றாகச் செய்தார்கள். அடுத்த தவணைக்கு எங்கே போவது என்ற நினைப்பே தலையைப் பாதி அடைத்துக்கொள்கிறது. அந்தத் தலையோடு ஒரு மனிதன் எடுக்கும் முடிவைப் பார்த்துவிட்டு அவன் பிறப்பே அப்படி என்று சொல்வது அநியாயம்.

ஆனால் மகள், இதையெல்லாம் தம்பிக்குச் சாக்காக எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். லீசிங்காரன் வந்து வாசலில் நின்று கேவலமாகப் பேசியபோது தம்பி கையை ஓங்கினானா? இல்லை. தோட்டத்து அதிகாரியான துரையிடம் ஓங்குவானா? மாட்டான். அங்கெல்லாம் அடக்கிக்கொள்ளத் தெரிந்தவனுக்குக் கைப்பிள்ளைக்காரியின் முன்னால் மட்டும் தெரியவில்லை என்றால் நம்ப முடியாது. உங்கள் லயத்தில் அதே கடன், அதே சம்பளம், அதே சுவரோடு வாழ்ந்தும் மனைவி மேல் ஒருநாளும் கை வைக்காத ஆண்களை எண்ணிப் பாருங்கள். விரல்விட்டு எண்ணத் தொடங்கினால் இரண்டு கையும் பத்தாது. வறுமை அவனை எங்கே தள்ளியது என்று எனக்குப் புரிகிறது. அடித்தது அவன்தான். அதை அவன் தெளிவாக இருக்கும் நேரத்தில், முடிந்தால் அவன் மதிக்கும் ஒரு பெரிய மனிதரையும் வைத்துக்கொண்டு, அவனிடம் நீங்கள் சொல்லத்தான் வேண்டும். அவள் பத்திரமான இடத்துக்கு வந்த பிறகு சொல்லுங்கள். முதலே சொன்னால் அந்தக் கோபமும் அவள் மேல்தான் விழும்.

தம்பி வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் இருக்கிற உண்மையான வித்தியாசம் வெளியே போகும் வழியில் இருக்கிறது. அவள் எங்கே போவாள்? அவள் குடியிருக்கும் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். அவளுடைய தாய் வீடும் அதே அளவுக் காம்பரா, அங்கே ஏற்கெனவே ஏழு பேர். வேலையை விட்டுப் போனால் தோட்டத்தில் பேர், அதாவது வேலைப் பதிவு, போய்விடும். குழுக்கடன் அவள் பெயரில், வாரம் தவறாமல் கட்ட வேண்டும், அவள் கட்டாவிட்டால் குழுவில் உள்ள மற்றப் பெண்கள் தலையில் விழும். கூலி வாங்கும் பெண்ணுக்கும் அதிகாரியின் மனைவிக்கும் அடி ஒரே மாதிரித்தான் வலிக்கும். ஒருத்திக்கு நிற்க இன்னோர் இடம் இருக்கிறது, மற்றவளுக்கு இல்லை. வர்க்கம் என்று நாம் சொல்வது வீட்டுக்குள் இப்படித்தான் வேலை செய்கிறது. அவள் உங்களிடம் வந்ததே உங்கள் வீட்டில் பூட்டிக்கொள்ள ஒரு கதவு இருக்கிறது என்று நம்பித்தான். இரண்டாம் நாள் அந்தக் கதவு சாத்தப்பட்டுவிட்டது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு நேர்மையாக இருந்தவள் ஆகமாட்டேன்.

அப்புறம் உங்கள் வீடு. "அவர் அடித்ததில்லை" என்று எழுதி அடுத்த வரியிலேயே கார்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்து எழுதியதிலேயே உங்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. நம் தோட்டங்களில் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே நாட்கூலி வந்தது 1984இல்தான். அதற்குப் பிறகும் பல இடங்களில் மனைவியின் சம்பளத்தையும் கணவனே ஆபீஸில் வரிசையில் நின்று வாங்கிவிடுவான். மழையில் அட்டைக்கடியோடு கொழுந்து பறித்தவள் அவள், காசு எண்ணியவன் அவன். உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், அந்த நாட்களைச் சொல்வார். இன்று பட்டப் படிப்பும் வங்கிக் கணக்கும் உள்ள வீட்டில் உங்கள் சம்பளக் கார்ட் கணவரின் பர்ஸில் இருக்கிறது. அன்று அது லயத்துப் பழக்கம் என்றால் இன்று இதற்கு என்ன பெயர்? வாரக்கணக்கில் பேசாமல் இருப்பதும் அப்படித்தான். அடித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், பேசாமல் இருந்தால் கேட்காது. நாலு பேர் பார்ப்பார்கள் என்று பயந்து வாழும் கடைக்காரக் குடும்பங்களில் கோபத்தை இப்படிச் சத்தமில்லாமல் காட்டப் பழகிவிடுகிறார்கள். உங்கள் மாமனார் எத்தனை வாரம் பேசாமல் இருந்தாரோ, மாமியார் அதை எப்படித் தாங்கினாரோ தெரியாது. ஒரு நல்ல நாளில் கணவரிடமே கேளுங்கள்: "உங்கள் அப்பாவுக்குக் கோபம் வந்தால் என்ன செய்வார்?" இந்தக் கேள்விக்கு என் முன்னால் உட்கார்ந்து அழுத ஆண்கள் இருக்கிறார்கள்.

அவரோடு பேசும்போது "உங்கள் குடும்பம், எங்கள் குடும்பம்" என்று தொடங்காதீர்கள். தொடங்கினால் யார் வீட்டில் எத்தனை குறை என்ற போட்டிதான் நடக்கும். "அன்றைக்கு ரத்தம் என்று சொன்னீர்களே, அந்த ரத்தந்தான் நம் பிள்ளைக்கும் ஓடுகிறது. அவள் காதில் அந்தச் சொல் விழக்கூடாது" என்று சொல்லுங்கள். இது கோபத்தை மூட்டாது, யோசிக்க வைக்கும். அப்புறம் கார்ட். "வீட்டுச் செலவுக்கு எவ்வளவு என்று இருவரும் உட்கார்ந்து பிரிப்போம், கார்ட் என்னிடம் இருக்கட்டும்" என்று ஒரே வசனத்தில் சொல்லிவிட்டுக் கையை நீட்டுங்கள். காரணம் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டாம், அது உங்கள் சம்பளம். தந்துவிட்டார் என்றால் நல்லது. தரமாட்டேன் என்றால், அல்லது அதன் பிறகு மிரட்டல் வந்தால், எனக்கு உடனே எழுதுங்கள். நான் மேலே சொன்ன சட்டம் கையால் அடிப்பதோடு நிற்பதில்லை, மனசைத் துன்புறுத்துவதையும் சேர்த்துத்தான் சொல்கிறது.

உங்கள் மகள் அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டாள். ஏழு வயதில் எல்லாம் புரியும், தப்பாகவும் புரியும். "மாமா அத்தையை அடித்தது பிழை. பெரியவர்கள் அதைச் சரிசெய்யப் பார்க்கிறோம்" என்று அவளிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். மூடி மறைத்தால் அவளே ஒரு கதை கட்டிக்கொள்வாள், அதில் அம்மாயி வீடு பயப்பட வேண்டிய இடமாகிவிடும்.

கடைசியாக, பிறந்தநாள். நானும் லயத்தில் பிறந்தவள்தான். கண்டியில் பயிற்சிக்குப் போனபோது, அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு "தோட்டத்தில் உத்தியோகம்" என்று இரண்டு வருடம் சொல்லியிருக்கிறேன். அப்பா கவ்வாத்து வெட்டுபவர். ஒருநாள் எனக்குக் காசு கொண்டுவந்தவர், ஹொஸ்டல் வாசலுக்கு வராமல் எதிர்க் கடைப் பக்கம் நின்று ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். நான் சொல்லாமலேயே அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்கு நான் மன்னிப்புக் கேட்கும் முன்பே அவர் போய்விட்டார். உங்கள் அம்மா ஏன் கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். இந்த வெட்கம் நீங்களாக உண்டாக்கியது இல்லை. 1948இல் குடியுரிமையைப் பறித்து, 1964இல் பேரையெல்லாம் எண்ணி இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கமும் பங்குபோட்டு, அண்ணனை இந்தியாவுக்கு அனுப்பத் தலைமன்னாருக்குக் கோச்சியேற்றித் தம்பியை இங்கே விட்ட சனம் நாம். நம்மைக் குறைவாகப் பார்க்க ஒரு நாடே பழக்கியது. அந்தப் பார்வை உங்கள் கண்ணுக்குள்ளும் கொஞ்சம் புகுந்துவிட்டது. கணவர் சொன்ன சொல் அத்தனை ஆழமாகக் குத்தியதற்கும் அதுதான் காரணம்.

அம்மாவிடம் பெரிய விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். வருகிற சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு லயத்துக்குப் போங்கள். கேக்கில் ஒரு துண்டும் கொண்டுபோங்கள், கடையில் புதிதாக வாங்கியதென்றாலும் பரவாயில்லை. அம்மா மலையிலிருந்து இறங்கி வரும் நேரத்துக்கு இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், உட்கார்ந்திருங்கள். கணவரையும் கூப்பிடுங்கள், வராவிட்டால் நீங்கள் இருவர் மட்டும் போங்கள். தம்பி மனைவியை மட்டும் சனிக்கிழமை வரை விடாமல் இன்றைக்கே தனியாகப் பார்த்து, நான் எழுதிய மூன்று கேள்வியைக் கேட்டுவிடுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று இன்று இரவே எனக்கு எழுதுங்கள்.